பௌலியும் நிறையுள்ள கிராவிட்டானும்

வேதியியல் வகுப்பில் எலெக்ட்ரான்களைக் கூடுகளில் நிரப்பிப் பழகிய நம் அனைவருக்கும் பௌலி என்ற பெயர் தெரியும். ஓர் அணுவில் எந்த இரண்டு எலெக்ட்ரான்களுக்கும் நான்கு குவாண்டம் எண்களும் ஒன்றாக இருக்க முடியாது என்பதோடு நான் அவரை விட்டுவிட்டேன். துறைக் கருத்தரங்கிற்காக ஈர்ப்பு விசை பற்றிப் படித்தபோது, அதே பெயர் மீண்டும் எதிர்ப்பட்டது. யார் இந்த மனிதர் என்று தேடத் தொடங்கினேன்.

வுல்ஃப்காங் பௌலி 1900 ஏப்ரல் 25 அன்று வியன்னாவில் பிறந்தார். சார்பியல் பற்றி அவர் எழுதிய நூலளவுக் கட்டுரை 1921-இல் வெளிவந்தபோது, ஐன்ஸ்டைனே அதைப் போற்றினார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று, நம் வயதுதான்! 1925-இல் தவிர்க்கைத் தத்துவம், 1928-இல் சூரிச்சில் பேராசிரியர் பதவி, 1930-இல் நியூட்ரினோ என்ற துகளைப் பற்றிய கருத்து. பிறர் ஆய்வில் பிழை கண்டால் தாட்சண்யம் பாராமல் சொல்லிவிடுவார். அதனாலேயே அவரை இயற்பியலின் மனசாட்சி என்றனர்.

1938-இல் ஹிட்லர் ஆஸ்திரியாவை இணைத்துக்கொண்டார். பௌலி கேளாமலே ஜெர்மன் குடிமகனானார். அவருடைய தந்தையோ யூதராகப் பிறந்தவர். சுவிஸ் குடியுரிமை கேட்டார், மறுக்கப்பட்டது. காலடி நிலம் இப்படி ஆடிக்கொண்டிருந்த வேளையில்தான், 1939-இல், மார்கஸ் ஃபியர்ட்ஸுடன் சேர்ந்து அந்த ஆய்வை வெளியிட்டார். தற்சுழற்சி 2 கொண்ட, நிறையுள்ள ஒரு துகளுக்கு அதில் சமன்பாடு அமைத்தனர். நிறையைச் சுழியமாக்கினால், வலுக்குறைந்த ஈர்ப்புப் புலத்துக்கான ஐன்ஸ்டைன் சமன்பாடு கிடைத்தது. ஈர்ப்பை ஏந்தும் கிராவிட்டானுக்கு நிறை இருந்தால் என்ன ஆகும் என்று கேட்க வழி பிறந்தது அங்கேதான்.

ஒரு விசையை ஏந்தும் துகளுக்கு நிறை இருந்தால், குறிப்பிட்ட தொலைவுக்கு அப்பால் அவ்விசை விரைந்து தேய்ந்துவிடும். அந்த நிறை மிக மிகச் சிறியதானால், அருகிலுள்ள சூரியனும் கோள்களும் வேறுபாட்டை உணரா என்றுதானே நினைப்போம்? நானும் அப்படித்தான் நினைத்தேன். 1970-இல் வான் டாம், வெல்ட்மன் இருவரும், தனியே சகரோவும் அது தவறெனக் காட்டினர். நிறை எவ்வளவு சிறிதாயினும், கோள்களின் இயக்கத்துக்குச் சமன்பாட்டைப் பொருத்தினால், சூரியனருகே ஒளி ஐன்ஸ்டைன் சொன்னதில் முக்கால் பங்கே வளையும். கிரகண அளவீடுகள் இதற்கு இடம் தரவில்லை. 1972-இல் வைன்ஷ்டைன் ஒரு வழி சொன்னார்: சூரியனருகே அந்தச் சமன்பாடு போதாது, அதில் விடுபட்ட உறுப்புகளே அங்கு மேலோங்கி, வேறுபாட்டை மறைத்துவிடும். அதே ஆண்டில் புல்வேரும் டெசரும், அத்தகைய விரிவாக்கத்தில் எதிர்க்குறி ஆற்றல் கொண்ட பேய்த்துகள் ஒன்று நுழைவதைக் கண்டனர். அதை ஓட்ட டி ராம், கபடாட்ஸே, டோலி ஆகியோர் 2010-இல் வரவேண்டியிருந்தது.

பௌலி இவற்றைக் காணவில்லை. 1940-இல் பிரின்ஸ்டன் சென்றார். 1945-இல் நோபல் பரிசு பெற்றார். போருக்குப் பின் சூரிச் திரும்பினார். 1949-இல்தான் குடியுரிமை கிடைத்தது. 1958 டிசம்பர் 15 அன்று மறைந்தார்.

2015 முதல் பதிவாகிவரும் ஈர்ப்பலைகளை ஆராய்ந்தவர்கள், கிராவிட்டானுக்கு நிறை இருந்தால் அது 10⁻²² எலெக்ட்ரான் வோல்ட்டுக்கும் குறைவு என்கின்றனர். எலெக்ட்ரானுக்கு அது ஐந்து லட்சம்! இத்தனை சிறியதற்கு ஏன் இவ்வளவு பாடு என்று கருத்தரங்கில் நண்பர் ஒருவர் கேட்டார். கரும்பலகையில் அந்த முக்கால் பங்கை மீண்டும் எழுதிக் காட்டினேன்.