500 வோல்ட்டை 100 ஆக்கிய ஸ்டேன்லி

விரிவுரைக் கூடங்களில் இப்போது ஸ்டேன்லி என்ற பெயர் பொறித்த குவளைகளை மேசைக்கு மேசை பார்க்கலாம். அது ஒரு மனிதரின் பெயர் என்பது அதை வாங்குபவர்களில் பலருக்குத் தெரியாது. வில்லியம் ஸ்டேன்லி ஒரு மின்பொறியாளர். எஸ்.பி.எம். இயற்பியலில் நாம் படம் வரைந்து, சுற்றுகளின் எண்ணிக்கையை வைத்துக் கணக்குப் போடுகிறோமே, அந்த மின்மாற்றியைக் கொண்டு ஒரு சிற்றூரின் கடைத்தெருவுக்கே விளக்கேற்றிக் காட்டியவர். வெளிநாட்டிலிருந்து டிரில், கிரைண்டர் போன்ற கருவிகளை வாங்கி வருபவர்கள் இன்று கடைகளில் தேடும் இறக்கு மின்மாற்றிக்கும் அவர் செய்த வேலைக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

ஸ்டேன்லி 1858ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தார். தந்தை வழக்கறிஞர். மகனும் சட்டம் படிக்க வேண்டும் என்பதே குடும்பத்தின் விருப்பம். 1879இல் யேல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஸ்டேன்லி, சில மாதங்களிலேயே படிப்பைக் கைவிட்டு நியூயார்க் திரும்பினார். அப்போது அவருக்கு ஏறக்குறைய நம் வயதுதான். உலோக முலாம் பூசும் தொழிலில் சிறிது காலம் இருந்துவிட்டு, பிற்காலத்தில் இயந்திரத் துப்பாக்கியால் பெயர்பெற்ற ஹைரம் மேக்சிமிடம் உதவியாளராகச் சேர்ந்தார். மேக்சிம் அக்காலத்தில் மின்விளக்குத் தொழிலில் ஈடுபட்டிருந்தார். வகுப்பறையில் கிடைக்காத மின்னியல் கல்வி ஸ்டேன்லிக்குப் பட்டறையில் கிடைத்தது.

அந்தக் காலத்து மின்விளக்குத் தொழிலுக்கு ஒரு பெரிய தடை இருந்தது. 1882இல் எடிசன் நியூயார்க்கின் பேர்ல் வீதியில் மின்நிலையம் தொடங்கினார். அது தந்தது ஏறத்தாழ 110 வோல்ட் நேர்மின்னோட்டம். நிலையத்தைச் சுற்றி ஒரு மைல் அளவுக்குள் இருப்பவர்களுக்கே அது பயன்பட்டது. குறைந்த வோல்ட்டில் அதிக மின்திறனை அனுப்ப வேண்டுமானால் மின்னோட்டம் பெரிதாக இருக்க வேண்டும். மின்னோட்டம் பெரிதானால் கம்பி சூடேறி மின்சாரம் வீணாகும். வோல்ட்டைப் பத்து மடங்கு உயர்த்தினால் அதே திறனுக்குப் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டம் போதும், கம்பியில் ஏற்படும் இழப்பும் நூறில் ஒரு பங்காகக் குறையும். ஆனால் அவ்வளவு வோல்ட்டை விளக்கு தாங்காது. வழியில் உயர்வாகவும் வீட்டில் தாழ்வாகவும் வோல்ட் இருக்க வேண்டும் என்றால், இடையில் அதை மாற்றித் தர ஒரு கருவி தேவை.

1884இல் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் என்ற தொழிலதிபர் ஸ்டேன்லியைத் தம் நிறுவனத்தில் சேர்த்துக்கொண்டார். மறு ஆண்டு, ஐரோப்பாவில் கோலார், கிப்ஸ் ஆகிய இருவர் உருவாக்கிய மின்மாற்றிகளை வெஸ்டிங்ஹவுஸ் தருவித்தார். அவற்றில் ஒரு குறை இருந்தது. முதன்மைச் சுருள்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரிணைப்பில் இருந்ததால், ஒரு கடையில் விளக்கை அணைத்தால் மற்றக் கடைகளின் விளக்குகளும் பாதிக்கப்பட்டன.

ஸ்டேன்லி மின்மாற்றிகளைப் பக்க இணைப்பில் வைத்தார். மெல்லிய இரும்புத் தகடுகளை அடுக்கி, காந்தப் பாதை முழுமையாக மூடியிருக்கும்படி உள்ளகத்தை அமைத்தார். இப்படிச் செய்தபோது ஒவ்வொரு மின்மாற்றியும் தனக்குத் தேவையான மின்னோட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. விளக்கு அணைந்திருந்தால் மிகச் சிறிதளவே எடுத்தது. ஒருவரின் பயன்பாடு மற்றவரைப் பாதிக்கவில்லை. இதே காலத்தில் ஹங்கேரியின் புடாபெஸ்டில் செபர்னோவ்ஸ்கி, பிளாத்தி, தேரி ஆகிய மூவரும் மூடிய உள்ளகமும் பக்க இணைப்பும் கொண்ட மின்மாற்றியைச் செய்திருந்தனர். எனவே மின்மாற்றியைக் கண்டுபிடித்தவர் என்று ஒருவரை மட்டும் சொல்வது சரியாகாது.

இதற்கிடையே ஸ்டேன்லியின் உடல்நலம் குன்றியது. புகை சூழ்ந்த பிட்ஸ்பர்க் நகரை விட்டு, தம் குடும்பத்தின் பூர்வீக ஊரான கிரேட் பேரிங்டனுக்கு 1885இல் சென்றார். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மலைப்பகுதியில் உள்ள சிற்றூர் அது. ஓய்வெடுக்கப் போனவர் அங்கே கைவிடப்பட்ட பழைய ரப்பர் ஆலையை ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டார். 25 குதிரைத்திறன் நீராவி இயந்திரத்தால் மின்னாக்கியை ஓட்டினார். முதன்மைத் தெருவின் மரங்களில் கம்பிகளைக் கட்டினார். கட்டடங்களின் நிலவறைகளில் மின்மாற்றிகளை வைத்தார். 1886ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள், ஆலையிலிருந்து 500 வோல்ட்டில் புறப்பட்ட மாறுமின்னோட்டம் நிலவறையில் 100 வோல்ட்டாக இறங்கி, கடைகளிலும் அலுவலகங்களிலும் விளக்குகளை எரியவைத்தது. அவருக்கு அப்போது வயது 27.

வெஸ்டிங்ஹவுஸ் நேரில் வந்து பார்த்து உறுதி செய்துகொண்டார். அதே ஆண்டு நவம்பரில் பஃபலோ நகரில் அவருடைய நிறுவனம் மாறுமின்னோட்ட விநியோகத்தைத் தொடங்கியது. ஸ்டேன்லி 1890இல் பிட்ஸ்ஃபீல்டு நகரில் நண்பர்களுடன் சொந்த நிறுவனம் தொடங்கினார். 1903இல் அதை ஜெனரல் எலக்ட்ரிக் வாங்கிக்கொண்டது. 1912இல் அமெரிக்க மின்பொறியாளர் கழகத்தின் எடிசன் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. நேர்மின்னோட்டத்தின் பக்கம் நின்ற எடிசனின் பெயரால் அமைந்த பதக்கம், மாறுமின்னோட்டத்தை நடைமுறைப்படுத்தியவருக்குக் கிடைத்தது! 1913இல் முழுவதும் எஃகினாலான வெற்றிடக் குடுவையை உருவாக்கினார். இன்றைய குவளைகளின் பெயர் அங்கிருந்து வந்ததே. 1916ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் கிரேட் பேரிங்டனிலேயே காலமானார்.

அவர் அன்று நிலவறைக் கருவியால் செய்ததை இன்று நாம் வீட்டுக்கு வெளியே நாள்தோறும் பார்க்கிறோம். நம் குடியிருப்பை ஒட்டிய துணை மின்நிலையம் 11,000 வோல்ட்டை இறக்கி வீடுகளுக்கு 230 வோல்ட்டாகத் தருகிறது. ஆனால் எல்லா நாடுகளும் ஒரே அளவில் நிற்கவில்லை. அமெரிக்க வீடுகளில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஜப்பானில் 100 வோல்ட். மலேசியாவில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்க டிரில்லை மாற்றுப் பிளக் மட்டும் போட்டு நம் சுவரில் செருகினால், அது தாங்கக்கூடியதைப் போல் ஏறத்தாழ இருமடங்கு வோல்ட் பாயும். மோட்டார் புகைந்துபோகும், கையில் பிடித்திருப்பவருக்கும் ஆபத்து. மாற்றுப் பிளக் முனையின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டைக் குறைக்காது.

இறக்கு மின்மாற்றி வாங்குவதற்கு முன் கருவியின் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படிக்க வேண்டும். முதலில் வோல்ட். 100 முதல் 240 வரை என்று அச்சிட்ட மின்கல மின்னேற்றிக்கு மின்மாற்றியே தேவையில்லை. 120 என்று மட்டும் இருந்தால் தேவை. ஜப்பானியக் கருவியானால் 100 வோல்ட் தரும் மின்மாற்றியாகப் பார்த்து வாங்க வேண்டும்.

இரண்டாவது, திறன். தகட்டில் 7 ஆம்பியர் என்றிருந்தால் 120 வோல்ட்டால் பெருக்குங்கள். 840 வாட். 840க்குச் சரியான மின்மாற்றி போதும் என்று நினைத்துவிடக் கூடாது. மோட்டார் சுழலத் தொடங்கும் கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். ஆகவே 1,500 வோல்ட் ஆம்பியர் அளவுள்ளதை வாங்குவது நல்லது. 15 ஆம்பியர் வட்ட ரம்பம் 1,800 வாட் எடுக்கும். அதற்கு 3,000 வேண்டும். இரும்பும் செம்பும் நிறைந்த அத்தகைய மின்மாற்றி பல கிலோ எடை இருக்கும். உள்ளங்கையில் அடங்கும் ஒரு பெட்டி அதே வேலையைச் செய்யும் என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள்.

மூன்றாவது, ஹெர்ட்ஸ். இதைத்தான் பலர் மறக்கிறார்கள். மின்மாற்றி வோல்ட்டை மாற்றும், அதிர்வெண்ணை மாற்றாது. கார்பன் பிரஷ் உள்ள கை டிரில், கிரைண்டர் ஆகியவற்றுக்கு இதனால் பெரிய தொல்லை இல்லை. பிரஷ் இல்லாத தூண்டல் மோட்டார் கொண்ட காற்றழுத்தி, மேசை ரம்பம் போன்றவை 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து ஓடும், கூடுதலாகச் சூடேறும். அவற்றை இங்கேயே வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

இன்னொன்றும் உண்டு. மலிவு விலை இறக்கு மின்மாற்றிகள் பல ஒரே சுருள் கொண்டவை. வோல்ட்டைக் குறைத்தாலும் வீட்டு மின்கம்பியிலிருந்து கருவியை அவை பிரித்து வைப்பதில்லை. புவி இணைப்பு முனை உள்ளதாகப் பார்த்து வாங்குவதும், ஈரமான தரையில் நின்று வேலை செய்யாமல் இருப்பதும் முக்கியம்.

கிரேட் பேரிங்டனில் ஸ்டேன்லி மின்னாக்கி எத்தனை வோல்ட் தருகிறது என்பதோடு நிற்கவில்லை, கடையின் விளக்கு எத்தனை வோல்ட் தாங்கும் என்பதையும் கணக்கில் கொண்டார். இரண்டையும் பொருத்துவதுதான் மின்மாற்றியின் வேலை. மாமாவோ சித்தப்பாவோ வெளிநாட்டிலிருந்து ஆசையாக வாங்கி வந்த கருவியை அடுத்த முறை பெட்டியிலிருந்து எடுக்கும்போது, சுவிட்சைத் தட்டும் முன் அந்தத் தகட்டை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். இயற்பியல் படித்த நாம் வீட்டுக்குச் செய்யக்கூடிய உதவி அது.