இராமலிங்க அடிகளும் பசியும்

பெரியோர் வரலாற்றைப் படிக்குங்கால் அவர் ஆற்றிய அரிய செயல்களையே நாம் நோக்குகின்றோம். அவர் எவ்வளவு உண்டார், யாருக்கு உணவிட்டார் என்பவற்றை நோக்குவார் சிலரே. ஆயினும் ஒருவருடைய உள்ளத்தின் இயல்பை அவருடைய உண்கலத்தருகே நின்று அறிதல் கூடும். உடற்பருமனைக் குறைத்தற்பொருட்டு ஒருவேளை உணவையும், சிலபோது இருவேளை உணவையும் விட்டுவிடுதல் இக்காலத்து மாணவரிடையே பரவி வருகின்றது. அங்ஙனம் செய்வோருட் சிலர், நம் நாட்டு அருளாளர் உண்ணாநோன்பு கிடந்தும் நலமாய் வாழ்ந்தனர் அல்லரோ என்று தமக்குச் சான்று தேடுகின்றனர். அவர் காட்டும் சான்றுகளுள் இராமலிங்க அடிகளின் வாழ்க்கையும் ஒன்று. அடிகளோ நம் வடசென்னையில் வளர்ந்து, திருவொற்றியூர் வீதிகளில் நடந்து பழகியவர். அவர் வாழ்க்கை அச்சான்றுக்கு இடந்தருமா என்று ஆராயும் கருத்துடன் அதனை ஈண்டுச் சுருங்க எழுதத் துணிந்தோம்.

அடிகள் 1823ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 5ஆம் நாள், சிதம்பரத்துக்கு அணித்தாகிய மருதூரில், இராமையா பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் ஐந்தாம் மகவாய்ப் பிறந்தார். கைக்குழந்தையாய் இருக்கும்போதே தந்தையார் இறந்தனர். அன்னையார் மக்களை அழைத்துக்கொண்டு பொன்னேரியை அடுத்த தம் பிறந்தகத்திற்கு வந்து, பின்னர்ச் சென்னையில் குடியேறினர். மூத்த மைந்தராகிய சபாபதி பிள்ளை காஞ்சிபுரம் சபாபதி முதலியாரிடம் தமிழ் பயின்று, புராணச் சொற்பொழிவு செய்து குடும்பத்தைத் தாங்கினார். ஏழுகிணற்றுப் பகுதியில் வீராசாமி பிள்ளைத் தெருவிலிருந்த சிறிய வீடே அக்குடும்பத்தின் இருப்பிடமாயிற்று.

இளைய இராமலிங்கருக்குப் பள்ளியில் மனம் பற்றவில்லை. கந்தகோட்டத்து முருகன் திருமுன்னர் நின்று பாடுவதிலேயே அவர் பொழுது கழிந்தது. தமையனார் கண்டித்தும் பயன் இல்லாமற் போகவே, இவன் வீட்டுக்கு வந்தால் சோறிடலாகாது என்று மனைவியார் பாப்பாத்தி அம்மைக்குக் கட்டளையிட்டார் என வரலாறு கூறுகின்றது. அவ்வம்மையார் கணவர் சொல்லையும் கடக்க மாட்டாமல், மைத்துனர் பசியையும் பொறுக்க மாட்டாமல், தமையனார் அறியாதபடி அவரை அழைத்து அன்னமிட்டு வந்தனர். ஒறுப்பாக உணவை மறுத்தலும் அன்பினால் உணவை அளித்தலும் ஒரே வீட்டில், ஒரே சிறுவனுக்கு நிகழ்ந்தன. அவர் பிற்காலத்துச் செய்த பெருஞ்செயலுக்கு வித்து இவ்வீட்டு அடுக்களையிலேயே விழுந்தது என்று கருதுதல் பொருந்தும்.

அண்ணியார் வேண்டுகோட்கு இணங்கி அவர் வீட்டிலிருந்தே படிக்க இசைந்து, தமக்கெனத் தனியறை ஒன்று பெற்று, அதனுள் ஒரு கண்ணாடியையும் விளக்கையும் வைத்துத் தியானம் புரிந்தார். அக்கண்ணாடியில் திருத்தணிகை முருகனைக் கண்டதாக அவர் வரலாறு உரைக்கும். நம் மாணவர் பலர் நாடோறும் கண்ணாடி முன் நின்று இடுப்பளவையே ஆராய்ந்து வருந்துகின்றனர். கண்ணாடி ஒன்றேயாயினும் காண்பார் கருத்துக்கேற்பக் காட்சி வேறுபடுகின்றது.

பன்னிரண்டாம் அகவை தொடங்கிச் சென்னையை நீங்கும் வரையில் அடிகள் திருவொற்றியூருக்கு அடிக்கடி சென்று தியாகராசப் பெருமானையும் வடிவுடை அம்மையையும் வழிபட்டு வந்தார். வடிவுடை மாணிக்க மாலை முதலிய பல பாமாலைகள் அவ்வூர் வழிபாட்டின் பயனாய் எழுந்தன. ஏழுகிணற்றிலிருந்து அத்தலம் ஏறத்தாழ 8 கிலோமீட்டர்த் தொலைவிலுள்ளது. இன்று சரக்கு வண்டிகளின் இரைச்சலும் ஆலைகளின் புகையும் நிறைந்த அந்நெடுவழி அன்று வேறு விதமாய் இருந்தது. சென்னைக்குத் துறைமுகம் அப்போது கட்டப்படவில்லை. கப்பல்கள் கடலில் நிற்க, மசூலாப் படகுகளே ஆளையும் சரக்கையும் அலைகடந்து கரைசேர்த்தன. அவர் சென்னையிலிருந்த இறுதிக் காலத்தில், 1856ஆம் ஆண்டு சூலை முதல் நாள், இராயபுரத்திலிருந்து தென்னாட்டின் முதற் பயணிகள் புகைவண்டி புறப்பட்டது.

அவ்விராயபுரத்திலேயே பசியின் வரலாற்றைக் கூறும் மற்றோர் இடமும் உண்டு. 1782ஆம் ஆண்டில், ஐதரலியோடு நிகழ்ந்த போரும் பஞ்சமும் மக்களை வாட்டியபொழுது, வறியவர்க்குக் கஞ்சி வார்க்கும்பொருட்டு மணியக்காரர் சத்திரம் அங்கே தோன்றியது. பின்னர் அதனோடு மருத்துவச் சாலையும் சேர்ந்தது. அவ்வழியில் வளர்ந்த ஸ்டான்லி மருத்துவமனையை வடசென்னை மக்கள் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்றே வழங்கி வந்தனர். மருந்துக்கு முன் கஞ்சி என்பதே அவ்விடத்தின் வரலாறாகும்.

திருவொற்றியூர் வழிபாட்டோடு தொடர்புடைய செய்தியொன்றைப் பெரியோர் சொல்லக் கேட்கிறோம். ஓரிரவு அடிகள் காலந்தாழ்த்து வீடு திரும்பினார். கதவு சாத்தப்பட்டிருந்தது. உறங்குவோரை எழுப்ப மனமின்றிப் பசியோடு திண்ணையிற் படுத்தார். சிறிது நேரத்தில் அண்ணியார் வந்து எழுப்பி, இலையிட்டு உணவு படைத்துச் சென்றார். பின்னர் உண்மை அண்ணியார் கதவைத் திறந்து உண்ண அழைத்தபோதுதான், முன்னர் வந்தவர் வடிவுடை அம்மையே என்று அடிகள் உணர்ந்தார் என்பர். இதனை நம்புவார் நம்புக. நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு: அடியார்கள் இவ்வற்புதத்தைப் போற்றும்பொழுது தெய்வம் அவருக்குப் பொன்னும் மணியும் கொடுத்ததாகக் கூறவில்லை, பசித்த பிள்ளைக்குச் சோறிட்டதாகவே கூறினர்.

1850ஆம் ஆண்டில் தமக்கையார் மகளை மணந்தாராயினும் அடிகள் இல்வாழ்க்கையில் தோயவில்லை. 1858ஆம் ஆண்டில் சென்னையை நீங்கித் தலங்கள் சிலவற்றை வணங்கி, வடலூர்க்கு அணித்தாகிய கருங்குழியில் வேங்கட ரெட்டியார் இல்லத்தில் தங்கினார். அவருடைய பாடல்களை அச்சிடவேண்டும் என்று அன்பர் பலர் வேண்டியும் அவர் இசையாதிருந்தார். அவருள் இறுக்கம் இரத்தின முதலியார் என்பவர், பாடல்கள் கைக்கு வரும் வரையில் நாளொன்றுக்கு ஒருவேளையே உண்பதென்று நோன்பு பூண்டார். அச்செய்தி அடிகள் செவிக்கு எட்டியது. தம் பொருட்டு அன்பர் ஒருவர் உணவைக் குறைத்தல் அவருக்குப் பொறுக்கலாற்றாத துன்பமாயிற்று. அந்நோன்பை விடுத்து முன்போல் உண்ணுமாறு வற்புறுத்திக் கடிதம் எழுதியதோடு பாடல்களைத் தரவும் இசைந்தார். தொழுவூர் வேலாயுத முதலியார் முதலியோர் முயற்சியால் 1867ஆம் ஆண்டில் திருவருட்பா வெளிவந்தது. புகழும் வேண்டுகோளும் அசைக்காத உள்ளத்தை ஒருவர் தவிர்த்த ஒருவேளை உணவு அசைத்துவிட்டது.

அவ்வாண்டே, மே மாதம் 23ஆம் நாள், வடலூரில் சத்திய தருமச்சாலை தொடங்கப்பெற்றது. ஊரார் மனமுவந்து அளித்த நிலத்தில் அது நிறுவப்பட்டது. அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாது காக்கப்பட்டு வருகின்றது. சாதி, சமயம், ஊர், ஒழுக்கம் ஆகிய எதனையும் வினவாமல் பசித்து வந்தார் எவர்க்கும் உணவிடுதல் அச்சாலையின் விதி. சீவகாருணிய ஒழுக்கம் என்னும் தம் உரைநடை நூலில் அடிகள் பசியின் கொடுமையை ஒரு மருத்துவர் நோய்க்குறிகளை எழுதுமாறு உறுப்புறுப்பாக எழுதுகின்றார்: கண் குழிதல், காது அடைத்தல், நா உலர்தல், கை கால் சோர்தல், அறிவு மயங்குதல் என்றிங்ஙனம் அது செல்லும். அந்நூலிலேயே வியத்தகு கருத்தொன்றும் உண்டு. பசி என்பது இறைவன் அளித்த உதவிக் கருவி. அஃதின்றேல் ஓருயிர் மற்றோருயிரை எதிர்பாராது, இரக்கம் தோன்றவும் வழியில்லை என்பதே அது. எனவே தன் பசியின் பயன் பிறர் பசியை அறிதல் என்றாகின்றது.

இனி, அடிகளின் சொந்த உணவு யாது? மாநிலக் கல்லூரியில் தமிழாசிரியராய் விளங்கிய வேலாயுத முதலியார் 1882ஆம் ஆண்டில் பிரம்மஞான சபையார்க்குக் கொடுத்த வாக்குமூலம் இதற்குச் சிறந்த சான்று. அதன்படி அடிகள் நடுத்தர உயரமுடையவர். எலும்புக்கூடு போன்ற மெலிந்த யாக்கையர். எனினும் நிமிர்ந்து விரைந்து நடப்பவர். பெரிய ஒளிமிக்க கண்களையுடையவர். அவர் முகத்தில் இடையறாத் துயரக் குறி ஒன்று தோன்றும். இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை சில பிடி அன்னமே உண்பார். நோன்பிருக்குங்கால் சிறிது சருக்கரை கலந்த வெந்நீரையன்றி வேறொன்றும் கொள்ளார்.

இதனையே நம் நண்பர் எடுத்துக்காட்டுகின்றனர். ஆயினும் மெலிவு அடிகளின் நோக்கமன்று. அவர் உடலை வெள்ளாடையால் தலையோடு மூடி மறைத்தவர். பிறர் கண்ணுக்கு அழகாய்த் தோன்ற எதனையும் செய்தவரல்லர். மேலும், தாம் கைக்கொண்ட கடுநோன்பை அவர் பிறர்மேற் சுமத்தவில்லை. அன்பர்க்கு அவர் வகுத்த நாளொழுக்கத்தில் மிகையுமின்றிக் குறையுமின்றி உண்ணுமாறும், மிக விரைந்தும் மிகத் தாழ்த்தும் உண்ணாதிருக்குமாறும், சீரகச் சம்பா அரிசி சிறந்ததென்றும், புலாலை அறவே நீக்குமாறும் கூறினார். தமக்குச் சில பிடி வைத்துக்கொண்டு ஊராருக்குப் பெரிய அண்டாவை அடுப்பேற்றியவர் அவர். சில பிடியை மட்டும் கண்டு அண்டாவைக் காணாது விடுதல் அவர் வாழ்க்கையைப் பாதியே படித்தலாகும்.

1870ஆம் ஆண்டில் அடிகள் மேட்டுக்குப்பத்திற்குச் சென்றார். 1872ஆம் ஆண்டு சனவரியில் வடலூரில் சத்திய ஞானசபை வழிபாட்டுக்குத் திறக்கப்பெற்றது. 1874ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் அவர் ஓர் அறையினுட் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார். அதன்பின் அவரை எவரும் கண்டிலர். மூவாண்டு கழிவதற்குள் 1876ஆம் ஆண்டின் பெரும்பஞ்சம் சென்னை மாகாணத்தைப் பற்றிக்கொண்டது. 1877ஆம் ஆண்டில் அரசாங்கத்தின் சார்பில் வந்த ரிச்சர்டு டெம்பிள் என்பவர், உழைக்கும் ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று விதித்தார். அவ்வளவு உயிர் தாங்கப் போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து வாதிட்டார். அப்பஞ்சக் கூலியாட்களைக் கொண்டே சென்னையினூடே கால்வாய் வெட்டி, எண்ணூர்ப் பக்கத்து வடகால்வாயைத் தென்கால்வாயோடு இணைத்தனர். பக்கிங்காம் கால்வாயின் கரையில் நிற்போர் இதனை நினைத்தல் தகும். உணவின் அளவு ஒருவர்க்கு விருப்பம், மற்றொருவர்க்கு விதி.

இக்கால அறிவியல் கூறுவதையும் சிறிது கேட்போம். 1944, 1945ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்னும் அறிஞர், தாமே முன்வந்த 36 இளைஞர்க்கு 24 வாரம் அரைகுறை உணவளித்து ஆராய்ந்தார். அவர்கள் எடையில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு குறைந்தது; அதனோடு ஊக்கமும் நகைச்சுவையும் நட்பும் குறைந்தன; சினமும் சோர்வும் மிகுந்தன; எந்நேரமும் உணவைப் பற்றிய நினைவே அவர்களைப் பற்றிக்கொண்டது. குறித்த நேரம் உண்ணாதிருக்கும் முறையால் எடை குறைதல் உண்மையே. ஆயினும் நாடோறும் உணவைச் சிறிது சுருக்கி உண்பதினும் அது பெரிதும் மேம்பட்டதன்று என்பதே பல ஆராய்ச்சிகளின் முடிவு. மிக விரைவில் மெலிவோர்க்குக் கொழுப்போடு தசையும் கரையும். பித்தப்பைக் கற்கள் தோன்றுதலும் உண்டு. நீரிழிவுக்கு மருந்துண்போர் தாமாகவே உணவை விடின் குருதிச் சருக்கரை தாழ்ந்து மயங்கி வீழ்தலும் கூடும். ஆதலின் பருமனால் நோயஞ்சுவோர் மருத்துவரைக் கலந்து உணவையும் உடலுழைப்பையும் ஒழுங்கு செய்துகொள்ளுதலே நேரிய வழி. ஏழுகிணற்றுக்கும் திருவொற்றியூர்க்கும் நடந்த கால்களையும் அடிகளிடமிருந்து கற்றுக்கொள்ளலாமே!

மாணவ நண்பர்களே! நீங்கள் காலையில் வேண்டாமென்று தள்ளும் உணவு, அதனைப் பெறாமல் பள்ளிக்கு வந்த சிறாருக்கு எத்துணை அரியதென்று எண்ணுமின். அச்சிறார்க்காகவே 2022ஆம் ஆண்டில் நம் மாநிலத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலையுணவுத் திட்டம் தொடங்கப்பெற்றது. நோன்பு நோற்க விரும்புவோர் நோற்க. ஆனால் அந்நோன்பு தம் மெலிவை அளந்து பார்ப்பதோடு முடியுமாயின், இராமலிங்க அடிகளைத் துணைக்கு அழைத்தல் பொருந்தாது. தம் வயிற்றிற் பசியை உணர்ந்தவுடன் அடுத்தவர் வயிற்றை நினைத்தவர் அவர். அளவறிந்து உண்டு, பசித்தார்க்கு ஒரு பிடியேனும் ஈந்து வாழ்தலே அவர் பெயரை நாம் சொல்லுதற்குரிய தகுதியாகும்.