வெள்ளாடைக்குள் மறைந்த காதல்

ஆனித் திங்கள் வந்தால் காரைக்கால் வீதிகளில் மாங்கனி இறைப்பார்கள். கணவன் அஞ்சி விலகியதும் இளமையையும் எழிலையும் உதறிப் பேயுருக் கொண்ட புனிதவதியின் கதையை ஊரே கொண்டாடும். அக்கதை 1973-இல் காரைக்கால் அம்மையார் என்ற பெயரில் படமாயிற்று. இளம் புனிதவதியாக லட்சுமியும், உருமாறிய அம்மையாராகக் கே. பி. சுந்தராம்பாளும் நடித்தார்கள். அந்த வேடம் அவருக்கு அத்தனை பொருந்தியது ஏன்? நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி இது.

கொடுமுடியில் 1908-இல் பிறந்து, வறுமையிலே வளர்ந்து, சிறுமியாகவே நாடக மேடை ஏறியவர் அவர். 1926-இல் கொழும்பில் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவோடு சேர்ந்து வள்ளித் திருமணத்தில் நடித்தார். குறமகளைக் கடவுள் காதலித்துக் கைப்பிடிக்கும் கதை! மேடையில் அதைக் கண்டு கைதட்டாதவர் எவர்? அடுத்த ஆண்டே இருவரும் மணந்து கொண்டனர். கிட்டப்பா பார்ப்பனர், ஏற்கெனவே மணமானவர். சுந்தராம்பாளோ பார்ப்பனரல்லாதார். கடவுளுக்குக் கைதட்டிய சமுதாயம் மனிதருக்குக் கைதட்டுமா? மணவாழ்வு இன்பமாய் நிலைக்கவில்லை. பெற்ற குழந்தை தங்கவில்லை, பிரிவு வந்தது, 1933 டிசம்பர் 2-இல் கிட்டப்பா மறைந்தார். அவருக்கு வயது 27, அம்மைக்கு 25.

அன்று உடுத்திய வெள்ளாடையை அவர் இறுதிவரை களையவில்லை. ஆடவரோடு காதலியாக இனி நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். கைம்பெண்களின் மறுமணத்துக்காகச் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு குரல் கொடுத்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்த நேரம் அது. அம்மையின் உறுதியை நாம் மதிக்கிறோம். ஆனால் அந்த வெள்ளாடையை மட்டும் போற்றிவிட்டு, அதற்கு முந்தைய காதலைப் பேசக் கூசிய சமுதாயத்தை எப்படி மதிப்பது?

அவருடைய படங்களைப் பாருங்கள். 1935-இல் ஒரு இலட்சம் ரூபாய் ஊதியம் பெற்று நடித்த நந்தனாரில் ஆண் வேடம். 1940-இல் மணிமேகலை, துறவி. 1953-இல் ஔவையார், மூதாட்டி. கலைஞர் உரையாடல் எழுதிய பூம்புகாரில், 1964-இல், கவுந்தி அடிகள். கடைசியில் காரைக்கால் பேயுரு. ஐந்திலும் பாட்டு உண்டு. காதலி வேடம் ஒன்றிலும் இல்லை!

நந்தன் கதையில் வேதியர் புலையனின் காலில் விழலாம்; மகாராஜபுரம் விசுவநாத அய்யரே அந்த வேதியராக நடிக்கலாம். பக்தி சாதியைத் தாண்டினால் புண்ணியம். காதல் தாண்டினால் மட்டும் பாவமோ? இதுதான் நம் திரையின் எழுதாத சட்டம்.

அமெரிக்கா அதை எழுதியே வைத்தது. 1930-இல் வகுத்து 1934 முதல் கண்டிப்பாக நடத்திய படத் தணிக்கை விதிகளில், கறுப்பரும் வெள்ளையரும் காதலிப்பதாகக் காட்டக்கூடாதென ஒரு விதி. 1956-இல்தான் அது நீங்கிற்று. பாடகி லீனா ஹார்னின் பாட்டுக் காட்சிகளைக் கதையோடு ஒட்டாமல் எடுத்தார்கள், தென்மாநிலக் கொட்டகைகளில் வெட்டி எறிய வசதியாக! அவர் வெள்ளையரான லென்னி ஹேட்டனை 1947-இல் பாரிஸ் சென்று மணந்து, மூன்றாண்டுகள் மறைத்து வைத்தார். நிறவெறிக்கும் சாதிவெறிக்கும் கடல் தான் இடைவெளி, குணம் ஒன்றே.

சாதி வேறென்பதால் இந்துக்களின் திருமணம் செல்லாமற் போகாதென்று 1949-இல் சட்டம் வந்தது. சுந்தராம்பாள் மணந்து இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து! சட்டம் வந்தபின்னும் சாதி மாறிக் காதலித்த பிள்ளைகளை வெட்டிச் சாய்க்கும் கொடுமை ஒழிந்ததா?

1970-இல் பத்மஸ்ரீ பெற்று, 1980-இல் மறைந்த அந்த அம்மையின் குரலை மேடைதோறும் ஒலிபரப்புங்கள், நாமும் கேட்போம். ஆனால் சாதி கடந்து கைகோத்து நம் தெருவுக்கு வந்து நிற்கும் இளைஞனுக்கும் பெண்ணுக்கும் கதவைத் திறவுங்கள். மாங்கனி இறைக்கும் கைகள் அதற்கும் நீளட்டும்!