குட்டநோய்க்கு மருந்து செய்த அலிஸ் போல் (1892 – 1916)

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைக்கரைகளில் நீரடிமுத்து என்றொரு மரம் வளர்கின்றது. அதன் வித்திலிருந்து எடுக்கும் எண்ணெயைக் குட்டநோய்க்கும் நாட்பட்ட தோல் நோய்களுக்கும் மருந்தாகச் சித்த வைத்தியர் நெடுங்காலமாக வழங்கி வந்தனர். அம்மரத்தின் உறவாகிய சால்மூக்ரா பர்மா, அசாம் காடுகளில் உண்டு. அதன் எண்ணெயை 1854ஆம் ஆண்டில், கல்கத்தாவிற் பணியாற்றிய மூவட் என்னும் ஆங்கில வைத்தியர் மேனாட்டு வைத்திய உலகிற்கு அறிமுகஞ் செய்தார்.

மருந்து நல்லதே, ஆனால் அதனை உடலிற் சேர்ப்பதே பெரும்பாடு. உண்டால் குமட்டும். பூசினாற் பயன் சிறிது. ஊசியால் ஏற்றினாலோ, தடித்த அவ்வெண்ணெய் உடலிற் கலவாது தோலின் கீழே கட்டி கட்டியாகத் தங்கிக் கடும் நோவு தந்தது. இக்குறையைத் தீர்க்க வழி கண்டவர் இருபத்துமூன்று வயதுடைய ஒரு கறுப்பினப் பெண்மணி என்பதை எம் பிள்ளைகள் அறிதல் வேண்டும்.

அலிஸ் அகஸ்ரா போல் 1892 யூலை 24ஆம் நாள் அமெரிக்காவின் சியாற்றில் நகரிற் பிறந்தார். பாட்டனார் புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர். வாஷிங்ரன் பல்கலைக்கழகத்தில் மருந்து இரசாயனத்திலும் மருந்தாக்கவியலிலும் இரு பட்டங்கள் பெற்ற அலிஸ், மேற்படிப்புக்கு ஹவாய்த் தீவுகளிலுள்ள கல்லூரிக்குச் சென்றார். மிளகுக் குடும்பத்தைச் சேர்ந்த காவா என்னுஞ் செடியின் வேரை ஆராய்ந்து 1915இல் முதுமாணிப் பட்டம் பெற்றார். அக்கல்லூரியில் அப்பட்டம் பெற்ற முதற்பெண் அவரே. அங்கேயே இரசாயன ஆசிரியராகவும் அமர்ந்தார்.

அக்கால ஹவாயில் குட்டநோய் கண்டவர்களின் நிலை இரங்கத்தக்கது. 1865இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி அவர்கள் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டு, மொலக்காய்த் தீவில் கடலும் செங்குத்து மலையும் சூழ்ந்த கலவுப்பாப்பாவுக்கு அனுப்பப்பட்டனர். தாய் ஓரிடம், பிள்ளை ஓரிடம். நூறாண்டுகளில் ஏறத்தாழ 8,000 பேர் அங்கு சென்றனர். தமியான் அடிகளார் தொண்டாற்றி, அந்நோயாலேயே 1889இல் உயிர் நீத்த இடமும் அதுவே. மட்டக்களப்பு வாவியிலுள்ள மாந்தீவை அறிந்த பெற்றோருக்கு இதனை விரித்துரைக்கத் தேவையில்லை. பிறந்த மண்ணையும் உற்றாரையும் பிரிவது எத்தகையது என்பதையும் இம்மலரைப் படிப்போருக்கு யான் சொல்ல வேண்டியதில்லை.

ஹொனலூலுவில் இந்நோயாளரைக் கவனித்து வந்த வைத்தியர் ஹொல்மன் அலிஸிடம் உதவி நாடினார். பகலில் வகுப்புகள், எஞ்சிய நேரமெல்லாம் ஆய்வுகூடம். எண்ணெயிலுள்ள கொழுப்பமிலங்களைப் பிரித்து, அவற்றை எதைல் அற்ககோலுடன் தாக்கமுறச் செய்து எசுத்தராக மாற்றினார். (ஜேர்மன் பாடசாலையில் 'எஸ்ரர்' என்று நீங்கள் படிப்பது இதுவேதான்.) அது மெல்லிய திரவம்; ஊசியில் ஏற்றத்தக்கது; உடலும் அதனை ஏற்றுக்கொண்டது. ஓராண்டுக்குள் முடிந்த வேலை இது.

அதனை எழுதி வெளியிட அவருக்குக் காலம் வாய்க்கவில்லை. நோயுற்றுச் சியாற்றில் திரும்பியவர் 1916 டிசெம்பர் 31ஆம் நாள், இருபத்துநான்காம் வயதிற் காலமானார். வகுப்பிற் செய்துகாட்டுகையிற் குளோரீன் வாயுவைச் சுவாசித்ததே காரணம் என ஒரு செய்தித்தாள் எழுதியது. இறப்புப் பத்திரமோ காசநோய் என்கின்றது.

அவர் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தவர் கல்லூரித் தலைவர் ஆதர் டீன். மருந்தைப் பெருமளவிற் செய்வித்தார். நோயாளர் பலர் வீடு திரும்பினர். அது வரையில் அவர் செயல் போற்றுதற்குரியது. ஆயினும் தாம் வெளியிட்ட கட்டுரைகளில் அலிஸின் பெயரை அவர் குறிப்பிடவில்லை. உலகம் அதனை டீன் முறை என அழைத்தது. மாணவியின் விடையைத் தன் விடையாக்கிய ஆசிரியரை வேறெவ்வாறு சொல்வது? ஹொல்மன் மட்டும் 1922இல் ஒரு கட்டுரை வரைந்து, இது போல் முறை என்றும், பின் வந்த மாற்றத்தால் அது சிறப்படையவில்லை என்றும் பதிவு செய்தார். அப்பதிவும் ஐம்பது ஆண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்தது.

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்லல் வேண்டும். சால்மூக்ரா எண்ணெய் நோயை முற்றாக அழிக்கவில்லை. குணமானோர் சிலருக்கு நோய் மீண்டது. 1873இல் நோர்வேயின் ஹான்சன் கண்டறிந்த பற்றீரியாவே இதன் காரணி. அதனை அடக்கும் சல்போன் மருந்துகள் 1940களில் வந்தன. அவற்றுள் முதன்மையான டப்சோன் 1908இலேயே ஜேர்மனியின் பிரைபேர்க் நகரில் உருவாக்கப்பட்ட பொருள். அதன் மருத்துவப் பயனை உணரவே முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. இன்று ஆறு மாதம் அல்லது ஓராண்டு கூட்டு மருந்து உண்டால் நோய் தீரும். ஆகவே உணர்ச்சியற்ற தேமல் கண்டால் எண்ணெய் தேடாது வைத்தியரிடம் செல்லுங்கள்.

1970களிலிருந்து ஆய்வாளர் சிலர் பழைய ஏடுகளைத் துருவி அலிஸின் பெயரை மீட்டனர். 2000ஆம் ஆண்டில் ஹவாய்ப் பல்கலைக்கழகம் தன் வளவில் நிற்கும் சால்மூக்ரா மரத்தடியில் அவர் பெயர் பொறித்த தகடொன்றைப் பதித்தது.