மோட்டார் வண்டியைச் சோதித்த மாதரசி

இன்று நம் திருவண்ணாமலை வீதிகளில் எத்தனையோ கார்கள் ஓடுகின்றன. உலகின் முதல் நெடுந்தூர மோட்டார்ப் பயணத்தை நடத்திக் காட்டியவர் ஒரு பெண் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? ஜெர்மனி நாட்டுப் பெர்த்தா பென்ஸ் அம்மையாரே அவர்.

அம்மையார் 1849ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் ஃபோர்ட்ஸ்ஹைம் நகரில் பிறந்தார். மீண்டும் பெண்தானா என்ற வருத்தத்தை அவர் தந்தை குடும்ப விவிலியத்தில் எழுதி வைத்ததாகக் கூறுவர். பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவுகள் அடைபட்டிருந்த காலம் அது. ஆயினும் பெர்த்தா இயந்திரங்களைப் பற்றி அறிவதில் பேரார்வம் கொண்டார். கார்ல் பென்ஸ் என்ற பொறியாளரை மணக்க இசைந்து, திருமணத்திற்கு முன்பே தம் சீதனப் பணத்தை அவருடைய தொழிலுக்குக் கொடுத்துதவினார். 1872இல் திருமணம் நடந்தது.

கார்ல் பென்ஸ் தாம் செய்த மூன்று சக்கர மோட்டார் வண்டிக்கு 1886 ஜனவரி 29இல் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். ஆனால் மக்கள் அதை நம்பி வாங்கவில்லை. போட்ட பணமெல்லாம் வீணாகுமோ என்ற நிலை. நெடுந்தூரம் ஓட்டிக் காட்டினாலன்றி நம்பிக்கை பிறக்காது என்று பெர்த்தா உணர்ந்தார்.

1888 ஆகஸ்டில் ஒரு விடியற்காலை, கணவருக்குச் சொல்லாமலே, புதல்வர் இருவரையும் அழைத்துக்கொண்டு மன்ஹைம் நகரிலிருந்து தாய்வீட்டுக்குப் புறப்பட்டார். தூரம் சுமார் 106 கிலோமீட்டர். நம்மூர்க் கிரிவலப் பாதையை ஏழு முறைக்கு மேல் சுற்றும் தூரம் அது!

வழி நெடுகத் தொல்லைகள். எரிபொருள் தீர்ந்தது; வீஸ்லாக் ஊரின் மருந்துக் கடையில், கறை போக்க விற்கப்பட்ட லிக்ராயின் என்னும் திரவத்தை வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் செருகியிருந்த நீண்ட ஊசியால் அடைப்பை நீக்கினார். மின்பொறி தரும் கம்பியின் உறை தேய்ந்து மின்சாரம் கசிந்தது. காலுறையைக் கட்டும் பட்டியை அதன்மேல் சுற்றினார். மரத் தடைக்கட்டைகள் தேய்ந்தன. செருப்புத் தைப்பவரைக் கொண்டு அவற்றின்மேல் தோல் பதிக்கச் செய்தார். எஞ்சின் சூட்டில் தண்ணீர் ஆவியாகிக் குறைந்துகொண்டே இருந்ததால், கண்ட இடங்களில் எல்லாம் நிரப்பிக்கொண்டார். செங்குத்தான மேடுகளில் பிள்ளைகள் இறங்கித் தள்ளினர். பொழுது சாய்ந்த வேளையில் ஊர் சேர்ந்ததும் கணவருக்குத் தந்தி கொடுத்தார்.

வண்டி எங்கெங்கே தடுமாறியது, ஏன் தடுமாறியது என்பதைத் தாமே கண்டறிந்து திரும்பினார் அம்மையார். அவர் சொன்னபடி மேடேறுவதற்கென்று தனிப் பல்சக்கர அமைப்பு சேர்க்கப்பட்டது. பயணச் செய்தி பரவ, வண்டியின் புகழும் வளர்ந்தது.

1944 மே மாதம், தம் 95ஆம் பிறந்த நாளன்று, கார்ல்ஸ்ரூஹ தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கௌரவ செனட்டர் என்ற சிறப்பை அம்மையார் பெற்றார். கணவர் பயின்ற அந்தக் கல்விக்கூடம், இளமையில் அவருக்குக் கதவு திறவாதது. இரண்டே நாளில், மே 5ஆம் நாள், இறைவனடி சேர்ந்தார்.

அன்புத் தங்கைகளே! பழுது ஏற்பட்டால் கலங்கி நிற்காமல், காரணம் என்னவென்று பொறுமையாய்ப் பாருங்கள். இறைவன் தந்த அறிவும் கையிலுள்ள எளிய பொருளும் பல வேளைகளில் போதும். கணக்கும் அறிவியலும் நமக்கு எதற்கு என்று எண்ணும்போது, அம்மையாரின் அந்தத் தொப்பி ஊசியை நினைத்துக்கொள்ளுங்கள்.