எங்கள் மலையடிவாரத்துப் பாவலர்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று நம் சங்கத்தார் கேட்டபோது, விடுதி நாட்களில் விரும்பிக் கேட்ட சினிமாப் பாட்டுகளைப் பற்றி எழுதுவதாக ஒப்புக்கொண்டேன். எழுத உட்கார்ந்தால் பட்டியலில் பாதிக்கு மேல் இளையராஜா. அவரைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவருக்கு முன்னால் மேடையேறிய அண்ணன் பாவலர் வரதராஜனைப் பற்றி நான் எழுதுகிறேனே!

எனக்குச் சொந்த ஊர் தேவாரம். அங்கிருந்து கோம்பை போகும் வழியில் பண்ணைப்புரம். அதுதான் பாவலரின் ஊர். மேற்கே நிமிர்ந்து பார்த்தால் மலை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளம். விடியும் முன்னே ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் ஆள் ஏறிப்போகிற ஊர்கள் எங்களுடையவை.

பாவலர், கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடியவர். பாட்டை அவரே கட்டுவார், அவரே பாடுவார். ஜனங்களுக்குப் பழகிப்போன நாட்டுப்புற மெட்டையும், அன்றைக்கு எல்லார் வாயிலும் இருந்த சினிமா மெட்டையும் எடுத்துக்கொண்டு, அதில் கூலியையும் பசியையும் ஓட்டையும் வைத்துப் பாடுவார். இதிலுள்ள சூட்சுமம் ரொம்ப எளிசு. மெட்டு ஏற்கனவே தெரியும். சொல் மட்டும்தான் புதுசு. ஒரு தடவை கேட்டால் போதும், மனசில் ஒட்டிக்கிடும். எழுத்துத் தெரியாதவரையும் அந்தப் பாட்டு எட்டிவிடும்.

அதன் பலம் 1958இல் தெரிந்தது. 1956இல் மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளம் கேரளத்தோடு போய்விட்டது. ஆனால் தேயிலைத் தோட்டங்களில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் நம் தமிழ் ஜனங்கள். 1957 தேர்தலில் 126 இடங்களில் 60 பிடித்து, சுயேச்சைகள் துணையோடு ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் முதலமைச்சரானார். தேவிகுளத்தில் ஜெயித்த ரோசம்மா புன்னூஸின் வெற்றி செல்லாது என்று தீர்ப்பாகி, மறுவருஷம் இடைத்தேர்தல் வந்தது. ஒவ்வொரு இடமும் உயிர்நாடியாக இருந்த நேரம் அது. பாவலர் மலையேறிப்போய்த் தொழிலாளர்கள் மத்தியில் பாடினார். காங்கிரஸின் இரட்டைக்காளைச் சின்னத்தைக் கிண்டலடித்து அவர் பாடிய பாட்டைப் பற்றி எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் பேசுவார்கள். ரோசம்மா மறுபடி ஜெயித்தார். அந்த வெற்றியில் பாவலருக்குப் பெரும் பங்கு உண்டு.

மேடையில் அவரோடு தம்பிகளும் உண்டு. பாஸ்கர், பின்னாளில் இளையராஜாவான ராசையா, கங்கை அமரனான அமர்சிங். பாவலர் பிரதர்ஸ் என்றால் ஊரே திரளும். எந்த இடத்தில் ஜனம் கைதட்டும், எந்த இடத்தில் கண் கலங்கும் என்பதை ராசையா சின்ன வயசிலேயே நேரில் பார்த்துப் பழகியது அந்த மேடைகளில்தான்.

1973இல் பாவலர் காலமானார். மூணு வருஷம் கழித்து, 1976இல் ‘அன்னக்கிளி’ வெளிவந்தது. தமிழ்நாடே தம்பியின் பாட்டைப் பாடியபோது கேட்க அண்ணன் இல்லை. 1981இல் வந்த ‘அலைகள் ஓய்வதில்லை’ படத்தைத் தயாரித்த கம்பெனிக்கு பாவலர் கிரியேஷன்ஸ் என்று பேர் வைத்திருந்தார்கள். எனக்கு அந்தப் பேர் ரொம்ப நாளாக ஒரு பேராக மட்டுந்தான் இருந்தது.

இதில் எனக்கு ஒரு குற்ற உணர்ச்சி உண்டு. என் அப்பத்தா இளவயசில் மலையில் வேலை பார்த்தவர். விடுமுறைக்கு வந்த நான் காதில் ஒயரை மாட்டிக்கிட்டு இளையராஜா கேட்டுக்கொண்டிருப்பேன். அவருடைய அண்ணன் பாட்டை பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் உட்கார்ந்து கேட்டதாக அப்பத்தா ஒருநாள் பேச்செடுத்தார். ஒரு பாட்டின் முதல் அடியையும் முனக ஆரம்பித்தார். பொறவு கேட்டுக்கிடுறேன் அப்பத்தா என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டேன். அந்தப் பொறவு வரவே இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் அவர் போய்ச் சேர்ந்தார். அது எந்த மெட்டு என்றுகூட இப்போது எனக்கு ஞாபகம் இல்லை.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். நம் கல்லூரியில் படிப்பவர்களில் பல பேர் மலையடிவாரத்துப் பிள்ளைகள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எதையாவது முனகினால், கையிலிருக்கும் போனில் பதிந்து வையுங்கள். அடுத்த சந்திப்புக்கு வரும்போது அதைக் கொண்டுவாருங்கள். எல்லாரும் உட்கார்ந்து கேட்போம்.