குசினியில் கிடைத்த அமைதி



நாளைய கவலை உங்கள் நித்திரையைக் குலைக்கின்றதா? சகோதரர் லோறன்ஸை நினைத்துப் பாருங்கள். போரிலே காலில் காயமுற்ற இப்போர்வீரர், 1640 இல் பரிஸ் நகரக் கார்மேல் மடத்தில் சேர்ந்தார். கிடைத்ததோ அவர் இயல்பாகவே வெறுத்த குசினி வேலை. அத்துடன், தமக்கு மீட்பே இல்லை என்ற அச்சமும் பல ஆண்டுகள் அவரை வாட்டியது.

இறுதியில், தம் முடிவை இறைவனிடமே ஒப்படைத்தார். இந்தக் கணத்தில் அவரை அன்புசெய்வதே தம் கடன் எனத் துணிந்தார். அச்சம் அகன்றது. முட்டை பொரிப்பதுகூட அவருக்குச் செபமாயிற்று. ஏறத்தாழ 15 ஆண்டுகள் சமைத்தார். பின்னர் மடத்தாரின் பாதணிகளைத் தைத்தார். 1691 இல் அமைதியாக இறைவனடி சேர்ந்தார்.

அடுப்படியில் நிற்கும் தாயே, வேலைக்குப் புறப்படும் தந்தையே, நாளைய தினத்தை இறைவனிடம் விடுங்கள். கையிலுள்ள வேலையை அவருக்காகச் செய்யுங்கள்.